கொழுந்தைப் பச்சையாக்கிய துரை

புதன்கிழமை, இரவு

காலையில் நானும் சேர்ந்து கை தட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் லாரியின் பின்கதவுக் கொக்கி உடைந்து மாதக்கணக்காகிறது. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறோம். போன வாரம் கயிறு அவிழ்ந்து, எங்களோடு கொழுந்து பறிக்கும் பொன்னி கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இன்று தோட்டத்துக்குப் புது மேனேஜர் துரை வந்ததும் கங்காணி மாரியப்பன் அண்ணன் கொக்கியைப் பற்றிச் சொல்வதாகப் பேச்சு.

அவர் மாலை போட்டார். கும்பிட்டார். "தொரை, நீங்க வந்த பொறகுதான் கொழுந்தே பச்சையா இருக்கு!" என்றார். எல்லோரும் கை தட்டினோம். துரை சிரித்து, அவர் கையில் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"ஏண்ணே, அதுக்கு முன்னாடி கொழுந்து என்ன செவப்பாவா இருந்துச்சு? கொக்கி என்னாச்சு?" என்று கேட்டேன்.

"இதுக்குப் பேரு மரியாதை லா. ஒனக்கு என்னா தெரியும்?" என்றார்.

மரியாதை எனக்கும் தெரியும். ஒருவர் செய்த நல்லதைச் சொன்னால் மரியாதை. செய்யாததைச் சொல்லிக் கும்பிட்டால் அது ஜால்ரா. அதுவும் பொன்னியின் இடுப்பு மேல் நின்று அடித்த ஜால்ரா. ஊரையே கேலி பேசும் என் வாய், துரை முன்னால் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது?

சாயங்காலம் திரும்பும்போது வளைவில் பின்கதவு திறந்துகொண்டது. மாரியப்பன் அண்ணனின் பிஸ்கட் டின் உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. கதவுப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கயிற்றை மறுபடி கட்டினேன்.