அண்ணன் கைக்காகக் காத்திருந்த விதை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறு பூசை முடிந்து உங்கள் கல்லறைக்கு வந்தேன். பூவை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். படிப்பவர்கள் படிக்கட்டும்.

துபாயிலிருந்து அண்ணன் வந்திருக்கிறான். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினான். நிலத்தில் என் பங்கை அவனுக்கே விட்டுவிடுவதாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிளாட் போட ஆள் தயாராம்.

"நீ ஏன் லூர்து இன்னும் சேத்துல கெடந்து கஷ்டப்படுற? எல்லாம் எனக்குத்தான்னு அப்பா சொல்லிட்டுத்தானே போனாங்க" என்றான்.

பொய் என்று சொல்ல முடியவில்லையே அப்பா.

வாதம் வந்து உங்கள் வலக்கை விழுந்துபோன வருடம் ஞாபகம் இருக்கிறதா? ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. விதைநெல்லை மூட்டையாகக் கட்டி ஊறப்போட்டு, வைக்கோல் மூடி முளைகட்டியது நான். நாற்றங்காலை மட்டம் பண்ணியதும் நான். ஆனால் முதல் பிடியை வீட்டு ஆண்பிள்ளைதான் தெளிக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். அண்ணன் சனிக்கிழமை வந்துவிடுவான் என்று போன் பூத்துக்குப் போய்வந்து சொன்னீர்கள். சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. மூட்டை சூடேறிப் புளித்த வாடை வந்தது.

"இனிமே தாங்காதுப்பா, நானே தெளிச்சிடுறேன்" என்றேன்.

"பொட்டப்புள்ள கையால ஆரம்பிச்சா விளங்குமா? பேசாம இரு" என்றீர்கள்.

நம் வயலில் அத்தனை வருடமும் நாற்று நட்டதெல்லாம் யார் கை? அது மட்டும் எப்படி விளங்கியது?

திங்களன்று மூட்டையைப் பிரித்தால், வேர் பின்னிப் பாய் மாதிரி கட்டியாக வந்தது. மாட்டுக்குப் போட்டோம். பக்கத்து வயல் செல்லம்மா அக்காதான் தன்னிடம் மிஞ்சிய முளைவிதையைத் தந்து, "நீயே தெளிடி, உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். தெளித்தேன். அண்ணன் வரவேயில்லை. பயிர் நன்றாகத்தான் விளைந்தது. அறுப்பு முடிந்ததும் கோயில் வாசலில் பங்குச் சாமியாரிடம் என்ன சொன்னீர்கள்? "எங்க இருந்தாலும் பெரியவன் ராசி, சாமி." உங்கள் பின்னால்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

உயில் எழுதவும் அவனுக்காகவே காத்திருந்தீர்கள். பத்திரம் எழுதுகிறவர் இரண்டு தடவை வீடு வரை வந்து திரும்பிப் போனார். அவன் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அம்மாவும் இல்லை. அதனால்தான் சட்டப்படி எனக்கும் பாதி. இது நீங்கள் கொடுத்ததல்ல அப்பா, அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் வந்தது. ஒரே ஒரு தடவை, நீங்களாகவே வாய் திறந்து தந்திருக்கக் கூடாதா?

இன்று காலை பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"அப்பா பேச்சையே மீறுறியா?" என்றான்.

"ஆமாண்ணே. மீறுறேன்."

தன் பாதியை அவன் விற்கட்டும். என் பாதியில் ஒருத்தனையும் பிளாட் கல் ஊன்ற விடமாட்டேன், இது சத்தியம். வாராவாரம் கல்லறைக்கு வருவேன், புல்லைப் பிடுங்குவேன், பூ வைப்பேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் இப்போது எதிர்பார்க்காதீர்கள். அதற்கு நீங்கள் காத்திருக்க வேண்டும். உங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே.

காத்திருக்க வைக்காமல் இங்கேயே இருந்த உங்கள் மகள்,
லூர்து மேரி