உன் முறை, என் முறை

பழவேற்காடு
பிரசோற்பத்தி வருஷம், ஆனி மாதம்

அன்புள்ள கண்ணப்பனுக்கு,

சம்பந்தம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பசியாவரத்தில் உன் வீட்டிலும் சுகமே. போன வாரம் உன் இருசம்மாள் ஓடமேறி வந்து என் வீட்டில் இறால் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் மூக்கில் புதிதாக ஒரு கல் மூக்குத்தி. நான் கவனிக்கவில்லை, பவுனம்மாள் கவனித்தாள். அன்று முதல் என் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

"இன்னாய்யா, ரெண்டு பேரும் ஒரே வாத்தியார் கையாலதானே பிரம்படி வாங்குனீங்க? அவருக்கு மட்டும் மாசம் மூணு வராகன், உனுக்கு ஒண்ணா?" என்கிறாள். மூன்று என்பது சலுப்புக் கப்பலில் வந்த துளசிங்கம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீ எனக்கு எழுதிய எந்த ஓலையிலும் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நாகப்பட்டினத்துக் கொசுவைப் பற்றியெல்லாம் எழுதினாய்.

நீயும் நானும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஒரே ஓடத்தில் ஏரியைக் கடந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆதிநாராயண செட்டியாரின் துணிக் கிடங்கில் சேர்ந்து வேலைக்குப் போனோம். கோட்டை வெள்ளைக்காரர்கள் நாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்து, செட்டியாரும் பின்னாலேயே போனபோது, "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் என்னோட வாங்கடா" என்றார். ஓடக்கார எல்லப்பன் இரண்டு கிளிஞ்சலைக் கைக்குள் மூடிக் குலுக்கினார். வெள்ளை உனக்கு விழுந்தது, கறுப்பு எனக்கு. நீ போனாய், நான் இங்கே மிச்சமிருந்த கிடங்கோடு நின்றுவிட்டேன்.

ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு பிரிப்பதுபோலத்தான் அன்று செய்தோம். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம் ஒருவனுக்கு விழுந்தால் அவன் முறைக்கு வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்வான். முறை முடிந்ததும் மறுபேச்சில்லாமல் தோணியை நகர்த்துவான். அடுத்தவன் அங்கே வலை போடுவான். வரும் ஆவணியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எப்போது வருகிறாய் என்று எழுது. நான் புறப்பட ஆயத்தம் செய்ய வேண்டும்.

உன் சம்பந்தம்

*

நாகப்பட்டினம்
ஆடி மாதம்

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

உன் ஓலையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். முறை என்கிறாய். நாம் ஒரு வருஷம் என்று பேசவே இல்லையே! யார் போவது என்றுதானே கிளிஞ்சல் போட்டோம்? செட்டியார் கிடங்கு ஏரி இல்லையப்பா. இங்கே ஒருவன் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

சம்பளத்தை நான் மறைத்தேன் என்று வருத்தப்படாதே. நீ ஒன்று வாங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு மூன்று என்று எழுதக் கை வரவில்லை. மூன்று என்றால் பெரிதாகத் தோன்றும். இங்கே குடியிருக்கும் இடத்துக்குக் காசு, தண்ணீருக்குக் காசு, சோற்றுக்கும் காசுதான். நம் ஊரில் இறால் வாசலுக்கே வருகிறது என்பதை நினைத்துக்கொள்.

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். இருசம்மாளின் தம்பிக்குத் தோணி கட்ட மரம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்தால்தான் அது கரையேறும். துளசிங்கம் கையில் அரை வராகன் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாதாமாதம் அனுப்புகிறேன். பவுனம்மாளுக்கும் ஒரு மூக்குத்தி செய்து போடு. என்மேல் கோபம் வேண்டாம்.

உன் கண்ணப்பன்

*

பழவேற்காடு
ஆவணி மாதம்

கண்ணப்பனுக்கு,

அரை வராகனைத் துளசிங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எண்ணி வாங்கிக்கொள்.

நாம் பேசவில்லைதான். பாடு பிரிக்கும்போது பசியாவரத்தில் எவனாவது உட்கார்ந்து பேசுகிறானா? நம் நைனாமார்கள் பேசியா தோணியை நகர்த்தினார்கள்? முகத்துவாரத்தில் இடம் பிடித்தவன், பக்கத்துத் தோணியில் ஒரு கூடை இறாலைக் கொட்டிவிட்டு, நான் இங்கேயே கிடக்கிறேன் என்று நங்கூரம் போட்டால் ஊர் அவனை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா?

எனக்கு உன் பணம் வேண்டாம் கண்ணப்பா. சாயங்காலம் கிடங்கைப் பூட்டும்போது உன்னை நினைக்கிறேன். என்னிடம் எது குறைந்தது என்று தேடுகிறேன். கையெழுத்து உன்னுடையதைவிட மோசமில்லை. தெலுங்கு உன்னைவிட எனக்கு நன்றாக வரும், அதை நீயே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாய். மூட்டை எண்ணிக்கையில் நான் ஒருநாளும் பிசகியதில்லை. பிறகு ஏன் எனக்கு ஒன்று, உனக்கு மூன்று? வெறும் கிளிஞ்சல்தான் காரணம் என்றால் என் முறை வரும்வரை பொறுத்துக்கொள்வேன். முறையே கிடையாது என்று நீ சொல்லிவிட்டால் நான் எதை நினைத்துப் பொறுப்பது?

நானும் மூன்று வராகனுக்கு லாயக்கானவன்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வருஷமாவது தெரிய வேண்டும். நீ நகர மாட்டாய் என்றால் இனி எனக்கு எழுதாதே. வந்தாலும் நான் பிரிக்க மாட்டேன்.

சம்பந்தம்

*

நாகப்பட்டினம்
புரட்டாசி மாதம்

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

இதைப் பிரித்துவிட்டாய் அல்லவா? அப்படியானால் மிச்சத்தையும் படி.

செட்டியாரிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "துணி மூட்டைக்கும் பாடு பிரிக்கிறீங்களாடா? யார் எண்ணினா எனக்கு இன்னா, எண்ணிக்கை சரியா இருந்தா போதும்" என்றார். ஆக, சம்மதம். மழையும் புயலும் ஓய்ந்து தை பிறந்ததும் வரும் முதல் சலுப்பில் நீ ஏறு. அதே சலுப்பில் நான் திரும்புகிறேன்.

எனக்கு மனசே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். ஆனால் உன் ஓலை வந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு செல்லவில்லை. நகராத தோணிக்காரன் என்று நீ என்னை நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. மரம் போன சேதியை இருசம்மாளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்குத் தைரியம் கிடையாது.

தங்குவதற்குச் செல்வம்மாள் என்கிற அம்மா வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். குழம்பில் புளி தூக்கலாக இருக்கும், கேட்டால் கோபித்துக்கொள்வாள். பேசாமல் சாப்பிட்டுவிடு.

உன் கண்ணப்பன்

*

நாகப்பட்டினம்
மாசி மாதம்

அன்புள்ள கண்ணப்பனுக்கு,

சேர்ந்து ஒரு மாதம் ஆயிற்று. சலுப்பில் நீ ஏற நான் இறங்க, கரையில் நின்று நாலு வார்த்தை பேசக்கூட நேரமில்லாமல் போயிற்று. அதுவும் நல்லதுதான். அன்று நான் இருந்த சந்தோஷத்தில் ஏதாவது தாறுமாறாகப் பேசியிருப்பேன்.

வேலை அங்கே செய்ததேதான். காலையில் மூட்டை எண்ணுவது, படகில் ஏற்றுவது, கரைக்கு வந்து திரும்ப எண்ணுவது. மாதம் முடிந்ததும் செட்டியார் கூப்பிட்டார். ஒரு வராகனைக் கையில் வைத்தார். மிச்சத்தையும் எடுப்பார் என்று நின்றேன்.

"இன்னாடா நிக்கிறே?" என்றார்.

"கண்ணப்பனுக்கு மூணு கொடுத்தீங்களே" என்றேன்.

"அவனை நான் கூப்பிட்டேன். ஊரை விட்டு வரணும்னா மூணு வராகனாவது குடுக்கணும்னு நானே குடுத்தேன். நீ கேட்டுக்கிட்டு வந்தவன். அங்கே ஒண்ணு போதும்னு இருந்தவனுக்கு இங்கே எதுக்குடா மூணு?" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் திருப்பிப் பேசியிருப்பேன். ரொம்ப நியாயமான விஷயத்தைச் சொல்வதுபோல, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

பவுனம்மாளிடம் சொல்லிவிடாதே. அவள் அங்கே மூக்குத்திக் கல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைவிட உன்னை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். மூன்று வாங்கிக்கொண்டிருந்தவனை ஒன்றுக்கு இழுத்துவிட்டேன். உன் மைத்துனன் தோணியும் போயிற்று. எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் எழுதிய அந்த ஆவணி ஓலையைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் சம்பந்தம்

*

பழவேற்காடு
பங்குனி மாதம்

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. எனக்கு இங்கேயும் மூன்று வராகன்தான் கொடுக்கிறார்கள்.

நீ உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ எண்ணிய மூட்டையைத்தான் எண்ணுகிறேன். பெரிய கிடங்கு போனபிறகு பாதி நாள் எண்ணுவதற்கு மூட்டையே இல்லை. மாதம் முடிந்ததும், இங்கே பார்த்துக்கொள்கிற செட்டியாரின் மைத்துனர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றுதானே என்று கேட்டேன். "குடுத்துக்கிட்டு இருந்ததைக் குறைச்சா செட்டி நொடிச்சுட்டான்னு ஊர்ல பேசுவாங்க. எங்களுக்குக் கடன் குடுத்தவன்லாம் நாளைக்கே வாசல்ல வந்து நிப்பான். பேசாம வாங்கிக்கோ" என்றார்.

அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். உனக்கும் மூன்று வந்திருக்கும், இரண்டு பேருக்கும் நல்லதாயிற்று என்று நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். உன் ஓலையைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏரியில் இடத்தில்தான் மீன் இருக்கும், ஆளைப் பார்த்து அது நகராது. இங்கே நாம் இடம் மாறினோம், சம்பளம் ஆளோடு கூடவே வந்துவிட்டது. நம் இருவரைத் தவிர வேறு யாரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். முன்பு அரை வராகன் அனுப்பினேன், அது என் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள. நீ திருப்பியனுப்பியது சரிதான். இது அப்படி இல்லை. இரண்டு தோணி சேர்ந்து ஒரு வலையை இழுத்தால், பிடித்ததைக் கரையில் கொட்டிப் பாதியாகப் பிரிப்போம். மீன் யார் தோணியில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் மூன்றும் உன் ஒன்றும் நாலு. ஆளுக்கு இரண்டு. உன் ஒன்று உன் கையிலேயே இருக்கட்டும். இன்னொன்றைப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

"இன்னாண்ணே இது?" என்றாள்.

"அவன் சம்பளம்தாம்மா" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது, வேறு வழி பார்ப்போம். திருப்பி மட்டும் அனுப்பாதே.

உன் கண்ணப்பன்

*

நாகப்பட்டினம்
ஆங்கீரச வருஷம், சித்திரை மாதம்

அன்புள்ள கண்ணப்பனுக்கு,

வாங்கிக்கொண்டேன். பவுனம்மாள் கையில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். அது என் சம்பளம் என்று நீ சொன்னதும் சரிதான். ஆனால் முழுக் கதையையும் நானே அவளுக்கு எழுதிவிட்டேன். மூக்குத்தியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் என்னை மெச்ச, நான் தலையைக் குனிந்துகொள்ள முடியாது. அவளிடமிருந்து துளசிங்கம் வாய்வழியாகப் பதில் வந்தது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து அந்த வாத்தியாரு இன்னும் கொஞ்சம் அடிச்சிருக்கலாம்னு சொல்லு" என்றாளாம். கோபமில்லை என்று அர்த்தம்.

மாதக்கணக்கில் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். என் மூன்று வராகனை நீ எடுத்துக்கொண்டதுபோலவே நினைத்திருந்தேன். அது உன்னிடம் இருந்ததே இல்லை. இது தெரியாமல், எழுதாதே என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெளிந்துவிட்டது. நீ உட்கார்ந்த பலகையில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வராகனுக்கு நீ செய்த வேலையை ஒரு வராகனுக்குச் செய்துகொண்டிருக்கிறேன். வந்த நாள் முதல் ஒரு மூட்டை பிசகவில்லை. செல்வம்மாள் வீட்டுக் குழம்பைக்கூடச் சமாளித்துவிட்டேன். நான் லாயக்கானவன்தான் கண்ணப்பா. செட்டியார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இப்போது எனக்கு அவ்வளவாக இல்லை.

இனி அவர் நம்மில் ஒருவனைக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிட்டாலும், இரண்டு பேருக்கும் சேர்த்துக் கூலி பேசிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். நீயும் இதை மறக்காதே.

தை பிறந்தால் என் முறை முடிகிறது. சலுப்பு வரும் அன்று காலையில் பலகையைத் துடைத்து வைத்துவிட்டுக் கரைக்கு வந்து நிற்பேன். இந்தத் தடவை கொஞ்சம் முன்னதாகவே இறங்கு. நாலு வார்த்தை பேச வேண்டும்.

உன் சம்பந்தம்