நூற்று எண்பத்து நான்கு பாகங்கள்

ஜூன் 14, சனி

கிட் கீரனூர் கொரியர் ஆபீஸுக்கு வந்துவிட்டது. பதினொரு மாசம் தேடியது. கம்பெனி இந்த மாடலை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. ஜப்பானில் ஒரு கடைக்காரர் கடைசிப் பெட்டி என்று எடுத்துக் கொடுத்தார். பறக்கும் ரோபோ, நூற்று எண்பத்து நான்கு பாகங்கள். அம்மாவிடம் சொன்னேன். "இருபத்தேழு வயசுல பொம்மைக்குப் பார்சலா" என்றாள். பொம்மை இல்லை, மாடல் கிட், நானே வெட்டித் தேய்த்துப் பூட்டுவது என்று நூறாவது தடவை சொன்னேன். "பொம்மைய வாங்கி வெளையாண்டாலாவது பரவால்ல. நீ செய்ய வேற செய்யிற."

கொரியர் ஆபீஸ் ஆறு மணிக்கு மூடும். நாளைக்கு லீவு. திங்கள்கிழமை நான் ஓசூரில் ஒரு சி.என்.சி. மெஷின் சர்வீஸில் இருக்க வேண்டும். என் வண்டி மெக்கானிக்கிடம். பிரின்சி அக்கா வீட்டுக்காரர் லியோ மச்சான் வந்தால் அவர் வண்டியில் போய்விடலாம். மணி ஐந்தேகால். மனுஷனைக் காணோம்.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுதவில்லை. போனிடம் பேசுகிறேன், அது எழுதுகிறது. இரண்டு கையிலும் மாவுக்கட்டு. அம்மா காதில் விழாமல் இருக்கக் கொல்லையில் நின்று பேசுகிறேன்.

அன்றைக்கு மச்சான் வண்டி பஸ்ஸை முந்தும்போது எதிரே டிராக்டர். வண்டி சரிந்தது. மச்சானுக்கு முட்டியில் சிராய்ப்பு. நான் இரண்டு கையையும் ஊன்றிவிட்டேன். இரண்டு மணிக்கட்டும் போச்சு. வலதில் பிளேட். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் - மூன்றும் மரத்துக் கிடக்கின்றன. நரம்பு நசுங்கியிருக்கு என்றார் டாக்டர். சரியாகுமா என்றேன். "ஆகலாம். ஆகாமலும் போகலாம்." எத்தனை சதவீதம் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மெஷின் என்றால் பிரித்துப் பார்ப்பேன். இதை எங்கே பிரிக்கிறது? கடுகு அளவு பாகத்தை ட்வீசரில் எடுத்து வைப்பது இந்த மூன்று விரல்தான். இது வரவில்லை என்றால் அலமாரியில் இருக்கும் பெட்டிகளை நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், லியோ கண்ணு மண்ணு தெரியாமல் ஓட்டியிருக்கான் என்கிறார்கள். அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "எம்புள்ள கைய முறிச்சுட்டு முட்டியில பிளாஸ்திரியோட நிக்கிறீங்களே மாப்ள." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மெதுவாகத்தான் போனார். பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டித் தட்டி "முந்துங்க மச்சான், முந்துங்க, ஆபீஸ மூடிருவான்" என்றது நான்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

பார்சலை மச்சான் போன வாரமே வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிறேன். டேப்பைக்கூடக் கிழிக்க முடியாது.

ஜூலை 3, வியாழன்

தினமும் காலையில் மச்சான் வந்து குளிப்பாட்டுகிறார். அதற்கப்புறம்தான் பட்டறை திறக்கிறார். கிரில், கேட்டு செய்கிற பட்டறை. கட்டு நனையாமல் இருக்க இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

"போலீஸ்ல சரண்டர் ஆனவன் மாதிரி நிக்கிறியே ஜெரோமு."

"துரு எடுக்கிற மாதிரி தேய்க்காதீங்க. தோலு உரியுது."

"துரு லேசுல போயிரும்டா."

பேன்ட் மாட்டிவிடுகிறார், பட்டன் போட்டுவிடுகிறார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மாகிட்ட நான் சொல்லிரட்டுமா என்றேன். "எதை?" என்றார். சோப்பு கண்ணில் போய்விட்டது என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்த மச்சான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் பூட்டித் தரவா? நீ சொல்லு, நான் செய்யிறேன்."

உங்க கைக்கு இதெல்லாம் ஆகாது, இது கேட்டு இல்லை என்றேன்.

"நம்ம கோயில் கேட்டே நான் செஞ்சதுதான். அதைத் தாண்டித்தானே பூசைக்குப் போறே?"

கடைசியில், வெட்டுவது மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். வெட்டி, வெட்டின இடத்தில் துருத்துவதை அரத்தால் தேய்த்து எடுங்கள் என்றேன். "ஒரு பிசிறு இருக்காது பாரு" என்று பட்டறைக்கு எடுத்துப் போனார்.

ஜூலை 20, ஞாயிறு

டிபன் கேரியரில் கொண்டுவந்தார். நான்கு அடுக்கிலும் பாகங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தன. ஒன்றைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இன்னொன்றை. இன்னொன்றை.

முளை இல்லை. எதிலும் இல்லை.

ஒரு பாகத்தில் ஒன்றரை மில்லி முளை இருக்கும். அடுத்ததில் ஓட்டை. அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். கிட் நிற்பதே அதில்தான். அவர் வெட்டின பிசிறோடு சேர்த்து எல்லா முளையையும் சீவிவிட்டார்.

"குட்டிக் குட்டியா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்" என்றார். வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நகக்கண் எல்லாம் நீலத்தூள்.

தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குக் கை இல்லை. கத்தினேன். "என் கைய ஒடச்சது பத்தாதா? இதையும் ஒடைக்கணுமா?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் ஒவ்வொரு அடுக்காக அடுக்கி, கேரியரைப் பூட்டி, மேசையில் வைத்தார். வாரேன் என்று சொல்லாமல் போனார்.

ஜூலை 21, திங்கள்

வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

வரவில்லை. அம்மா குளிப்பாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

மத்தியானம் அம்மா ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். "பஸ்ஸ முந்தச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

சோற்றோடு கை அப்படியே நின்றது.

"அவரு மாட்டேன்னாரு. நான்தான் தோள்ல தட்டித் தட்டிச் சொன்னேன். பார்சலுக்காக."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆ காட்டு" என்றாள். தட்டில் இருந்ததை முழுக்க ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் வேறு சேலை கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. இனி இரண்டு நாளைக்கு என்னிடம் பேசமாட்டாள் போலிருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

வந்தார். பையைக் கட்டினார், தண்ணீர் ஊற்றினார்.

"மச்சான், அன்னைக்கு நான் பேசினது…"

"கையத் தூக்கு. பைக்குள்ள தண்ணி போவுது."

துவட்டிவிட்ட பிறகு சட்டைப் பையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓட்டை போட்டு, கம்பியைச் சின்னதாக வெட்டிச் செருகினால் முளை ஆகிவிடுமாம். இருநூறுக்கு மேல் வரும் என்றேன்.

"போட்டா முடியும். நீ எது எங்கனன்னு மட்டும் சொல்லு. கத்தாமச் சொல்லு."

ஆகஸ்ட் 9, சனி

இடது கை கட்டைப் பிரித்தாயிற்று. நானே பல் விளக்கினேன். வலதிலும் கட்டு இல்லை. கட்டை விரலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினேன். அது அங்கேயே இருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

திருச்சியில் நரம்பு டெஸ்ட். ஊசி குத்தி, கரண்ட் விட்டு, ஸ்கிரீனில் அலை பார்க்கிறார்கள். மெஷின் ரிப்பேரில் எட்டு வருஷமாக இதே மாதிரி அலை பார்த்துப் பிழைக்கிறவன் நான். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே பார்த்துவிட்டேன். நேர்கோடு. படிக்கத் தெரியாதவனாக இருந்திருக்கலாம்.

ஆபரேஷன் செய்தால் டம்ளர் பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம் என்றார். நுணுக்கமான வேலை? "அதை எதிர்பார்க்காதீங்க."

மச்சான் வெளியே வண்டியோடு நின்றார். "என்னவாம்?" என்றார். சொன்னேன். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, கொக்கியைப் போட்டுவிட்டார்.

இனி கம்பெனியில் எனக்குப் போனில் பதில் சொல்லும் வேலை.

அக்டோபர் 12, ஞாயிறு

ரோபோ போன வாரமே முடிந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கிறது. பிடித்து ஆட்டினால் கழலவில்லை.

இன்றைக்கு மச்சான் சாப்பிட்ட கையோடு அலமாரியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். "இது பெருசா இருக்கே. இதைத் தொடங்குவமா?"

நாலு வருஷமாக நான் பிரிக்காமல் வைத்திருந்தது. கை இன்னும் கொஞ்சம் பழகட்டும், அப்புறம் செய்யலாம் என்று வைத்தது. அது யாருக்கும் தெரியாது. அதை எடுக்காதீங்க என்று தொண்டை வரை வந்தது. அவர் அதற்குள் மூடியில் இருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"தொடங்குங்க" என்றேன்.

அவரே டேப்பைக் கிழித்தார். சட்டங்களை வரிசையாகப் பாயில் பரப்பினார். புத்தகத்தை நான் இடது கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு முதல் பாகத்தின் எண்ணைச் சொன்னேன். அவர் தேடினார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்றாவது சட்டம், ஓரத்தில். சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு சட்டமாக எடுத்து, விரலை வைத்து, உதடு அசைய எண்ணைப் படித்து, கீழே வைத்து, அடுத்ததை எடுத்தார். நாலைந்து நிமிஷம் இருக்கும்.

"இந்தா இருக்கு" என்றார்.

ஆமா மச்சான், அதுதான் என்றேன்.