செவ்வாய்க்கிழமை முட்காய்கள்

குஞ்சன்,

நேற்று உன் சாம்பல் நிறச் சுவெட்டரை எடுத்து உதறினேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான். கைமடிப்புக்குள் ஏதோ குத்தியது. பார்த்தால் ஒரு முட்காய், சுண்டங்காய் அளவில், காய்ந்து மண்ணிறமாக.

போன வருஷம் செவ்வாய்க்கிழமைகளில் நீ ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவிட்டு வரும்போதெல்லாம் இதைத்தானே உன் உடுப்பிலிருந்து பிடுங்கினேன்.

“ஆஸ்பத்திரிக்குள்ளை என்னடா தம்பி முள்ளுப் பத்தை?”

“பஸ் நிக்கிற இடத்திலை வளந்து கிடக்கு, அக்கா. அதுக்குக் கால் இல்லை. ஆக்களின்ரை காலிலை ஏறித்தான் விதை பரப்பும். நான்தான் அதுக்குக் காசில்லாத டக்சி.”

நானும் சிரித்தேன். முள்ளைக் குப்பையில் போட்டுவிட்டு, மருந்து வயிற்றைப் புரட்டுமே என்று உனக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்தேன். ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தாயே, பாவி.

மருந்து ஏற்றினால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருப்பாய் என்று டாக்டர் சொன்னதாக நீதான் சொன்னாய். எனக்கு இந்த நாட்டு டொச் மொழி வாசிக்கத் தெரியாது. வந்த கடிதமெல்லாம் நீதான் பிரித்தாய். கூட வருகிறேன் என்றாலும் விடமாட்டாய். “உங்கடை வேலைக்குப் போங்கோ அக்கா, டாக்டர் நேரம் தந்த டெர்மினுக்கு நான் தனியப் போவன்.”

உன்னை எரித்த மறுகிழமை, உன் ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் ஒரு நேர்ஸ் பிள்ளை சொன்னாள். ஓகஸ்ட்டுக்குப் பிறகு நீ அங்கே வரவேயில்லையாம். வேறு யாரையோ சொல்கிறாய் என்று அவளோடு சண்டை பிடித்தேன். அவள் உன் பெயரை ஆறுதலாகத் திரும்பவும் வாசித்தாள்.

இன்று ஆஸ்பத்திரி வாசல் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். முழுக்கச் சீமெந்துக் கல், ஒரு புல் இல்லை. வந்த வழியே நடந்தேன். இரண்டு தரிப்பிடம் முன்னால், காட்டு ஓரப் பாதையில், ஒரு வாங்குக்கு இரு பக்கமும் அந்தச் செடி காய்ந்து நின்றது. அந்த வாங்கில் உட்கார்ந்து ஒரு காயைப் பிரித்தேன். ஒவ்வொரு முள்ளின் நுனியும் தூண்டில் மாதிரி வளைந்திருந்தது. உள்ளே நீட்டு விதைகள், நெல்லைவிடச் சின்னன். நீ மறைத்ததை அது கிழமைக்குக் கிழமை என் கையில் கொண்டுவந்து தந்திருக்கிறது. நான்தான் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

மருந்து வேண்டாம் என்றால், அது உன் உடம்பு. அதை மன்னிப்பேன். என்னை அடுப்படியில் மல்லி அவிக்க விட்டுவிட்டு நீ அந்த வாங்கில் போய்த் தனிய இருந்ததை மன்னிக்க ஏலாமல் கிடக்கு.

சுவெட்டரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். முட்காய் கைமடிப்பிலேயே இருக்கிறது, கை அசையும்போது குத்துகிறது.

அந்த வாங்கில் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம், குஞ்சன். ஒரு செவ்வாயாவது என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்க ஏலாதா?