பேஸ் டிரம்முக்குள் இருந்த மாத்திரை

மச்சான்,

நேற்று சபையில் பேஸ் டிரம்மின் தோல் கிழிந்துவிட்டது. புதுத் தோல் மாட்ட வளையத்தைக் கழற்றினேன். சத்தம் அடங்குவதற்காக உள்ளே அடைத்திருந்த துணியை அள்ளி வெளியே போட்டேன். மற்ற ஊர்களில் தலையணை வைப்பார்களாம். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? உன் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் துண்டு கொண்டுவந்து நீதான் அமுக்கி அமுக்கி வைத்தாய். அந்த வாசனை இன்னும் போகவில்லை, மெஷின் ஆயிலும் புதுத் துணியும் கலந்த வாசனை. அடியில் ஒரு பனியன் கை முடிச்சுப் போட்டபடி கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். மாத்திரை அட்டைகள். சுகர் மாத்திரை. ஓர் அட்டையில் பாதி தீர்ந்திருந்தது. மற்றவை பிரிக்கப்படாமல் இருந்தன. சுற்றியிருந்த மெடிக்கல் கவரில் ஊத்துக்குளி முகவரி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்னைப் புதைத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அன்று உன்னை அப்பாவி என்று நினைத்திருந்தேன். சொன்னதை நம்பிவிட்டான், நம்பிச் செத்துவிட்டான் என்று நினைத்தேன். இப்போதல்லவா தெரிகிறது, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாத்திரை வேண்டும் என்று தெரிந்துதான் ஒளித்து வைத்திருக்கிறாய். அதுவும் எங்கே, என் காலடியில். ஞாயிறுக்கு ஞாயிறு உன் உயிரை மிதித்து மிதித்துத்தான் நான் தாளம் போட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று நீயும் பேஸ் கிட்டார் வாசித்தாய்.

ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் போகிறேன் என்று நீ பஸ் ஏறியதெல்லாம் இதற்குத்தானா? நம் தெருமுனை மெடிக்கல் சபைக்காரருடையது. அங்கே சுகர் மாத்திரை கேட்டால் அடுத்த ஆராதனைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஊர் தாண்டிப் போய் வாங்கியிருக்கிறாய். வெண்ணெயையும் மறக்காமல் வாங்கிவந்து தங்கச்சிக்குக் கொடுத்தாய். நாங்களும் உருக்கி ஊற்றிச் சாப்பிட்டோம். அண்ணனுக்குத் தங்கை மேல் எவ்வளவு பாசம் என்று நான் கேலி செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உனக்கு நினைவிருக்கும். கையில் ரிப்போர்ட்டோடு மைக் முன்னால் போய் நின்றாய். "எனக்குச் சுகர் போயிருச்சுங்க. ரிப்போர்ட் நார்மலுங்க. இனி மாத்திரை வேண்டாமுங்க, இயேசப்பா போதும்" என்றாய். மாத்திரை சாப்பிட்டதால்தான் ரிப்போர்ட் நார்மல் ஆனது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சபை எழுந்து நின்று கை தட்டியது. உன் அம்மா முழங்காலிட்டு அழுதார்கள். பாஸ்டர் கையைத் தூக்கினார். சாட்சி முடிந்து அவர் கை உயர்ந்தால் உருட்டி ஒரு ரோல், பித்தளைத் தட்டில் ஒரு சிம்பல். அதுதான் டிரம்மருக்குச் சபை வகுத்த சட்டம். அடித்தேன்.

பாஸ்டர் உன்னை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "விசுவாசத்துல நில்லுங்க பிரதர்" என்றுதான் சொன்னார். ஆனால் அடுத்த நாளிலிருந்து நீ 'சுகமான பிரதர்' ஆகிவிட்டாய். சுகரோடு யார் வந்தாலும் உன்னிடம் கூட்டிவந்தார்கள், அவர்கள் தலையில் கை வைத்து நீ ஜெபித்தாய். உன் அம்மா உடுமலைப்பேட்டையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்கள். அதற்கு மேல் எந்த முகத்தோடு மாத்திரையைப் பிரிப்பாய்? லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சபைக்காரர்கள், இந்தப் பக்கம் அம்மா. அதனால்தான் பிராக்டிஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாய். கிட்டார் ஆம்ப்பைச் சூடாக்க வேண்டும் என்பாய். டிரம்மின் முன்பக்க ஓட்டையில் கையை விட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்ததும் "வாங்க மாப்ள" என்று சிரித்திருப்பாய். நல்ல சிரிப்புத்தான்.

இந்த 'வாங்க மாப்ள' எப்போது வந்தது என்றும் யோசித்தேன். உன் தங்கையைக் கட்டும்வரை நான் உனக்கு 'டேய்'. என் கல்யாண ஆராதனையில் டிரம்ஸ் அடிக்க ஆளில்லை, மாப்பிள்ளையே டிரம்மர். கீபோர்டு ரிதத்தைத் தட்டிவிட்டு ஒப்பேற்றினார்கள். நீ முகத்தைச் சுளித்தபடி வாசித்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி வந்து, "வாங்க மாப்ள, நீங்க இல்லாம பாட்டு உப்பில்லாத கஞ்சி" என்றாய். அதற்குப் பிறகு மேடையில் திட்டும்போதுகூட மரியாதைதான். "ஏனுங்க மாப்ள, ஸ்பீடு ஏறுதுங்க" என்பாய். "பேஸ் கிட்டாரும் பேஸ் டிரம்மும் புருசன் பொண்டாட்டி மாதிரி, ஒண்ணு முந்துனா ஊடு ரெண்டாயிரும்" என்பாய். இப்படியெல்லாம் பேசத் தெரிந்த வாய்க்கு, "மாப்ள, எனக்கு இன்னும் சுகர் இருக்குது" என்று சொல்ல மட்டும் வரவில்லையா? நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? வாரம் முழுக்க ஓவர்லாக் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவன். எனக்குப் பேச நேரம் ஏது?

சித்திரை வெயிலில் நீ சாக்ஸ் போட்டு வந்தாய். மேடையில் எல்லோரும் வெறுங்கால், நீ மட்டும் வெள்ளை சாக்ஸ். "கார்பெட் குத்துது மாப்ள" என்றாய். என் மிதிக்கு ஏற்ப உன் வலது கால் எப்போதும் தட்டும், அது நின்றுபோனது. கவனித்துக் கேட்டேன். "வயசாகுதல்லங்க" என்று மழுப்பினாய். நாளெல்லாம் அயர்ன் டேபிளில் நின்று வேலை பார்க்கிறவன், கால் வலி இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். அந்த சாக்ஸுக்குள் புண் இருந்தது என்று ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

கம்பெனியில் நீ மயங்கி விழுந்து, உன்னோடு வேலை பார்த்த வடக்கத்திப் பையன்கள் இருவர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நானும் உன் தங்கை எஸ்தரும் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை நிறுத்தி எவ்வளவு நாள் ஆச்சும்மா?" என்று எஸ்தரைக் கேட்டார்.

"அவருக்குச் சுகம் ஆயிருச்சுங்க டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னாங்க?"

"அவருதானுங்க சொன்னாரு."

டாக்டர் மறுபடி புண்ணைப் பார்த்தார். காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுப்பதற்குள் புண்ணின் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. அடக்க ஆராதனையில், "கர்த்தர் தம்முடைய தோட்டத்தில் ஒரு பூவைப் பறித்துக்கொண்டார்" என்று பிரசங்கித்தார்கள். கர்த்தர் பறித்தாராம். மாத்திரையை ஒளித்து வைத்தது நீ, பழி மட்டும் அவருக்கு. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை மச்சான். இன்றும் அவரைத்தான் கும்பிடுகிறேன், அவருக்குத்தான் அடிக்கிறேன். மாத்திரையைக் கண்டுபிடிக்கிற புத்தியை மனிதனுக்குக் கொடுத்ததும் அவர்தானே. அதை விழுங்குவது அவருக்கு அவமானம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பிரிக்காத அட்டைகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏன் பாதியில் நிறுத்தினாய்? கன்வென்ஷன் கூட்டத்தில் உன்னை மறுபடியும் சாட்சி சொல்ல வைத்தார்கள், பந்தல் நிறைய ஜனம். அதற்குப் பிறகுதான் நிறுத்தியிருப்பாய் என்று எனக்குப் படுகிறது. இரண்டாம் முறை சொன்னபோது நீயே நம்பிவிட்டாயோ, அல்லது ஒளிந்து விழுங்குவது அருவருப்பாகிவிட்டதோ, தெரியாது. கேட்டால் சொல்வதற்கு நீ இல்லை. எனக்கு இதுவும் ஒரு எரிச்சல்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எஸ்தருக்கும் சுகர். மழைக்காலத்தில் கண்டுபிடித்தார்கள். உங்கள் குடும்பச் சொத்து, உனக்கு வந்தது அவளுக்கும் வந்துவிட்டது. சபைச் சகோதரிகள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள், நல்லதுதான். அவளும் மாத்திரை சாப்பிட்டாள், போன மாதம் சுகர் இறங்கியிருந்தது. கேள்விப்பட்ட பாஸ்டர் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்தார். "சிஸ்டர், அடுத்த வாரம் சாட்சி சொல்லுங்க, சபைக்குப் பெலனா இருக்கும்" என்றார். இவள் தலை குனிந்தபடி "சரிங்க பாஸ்டர்" என்றாள். நான் சிம்பலை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து என்னிடம் கேட்டாள், "ஏனுங்க, சுகம்னு சாட்சி சொல்லிப்போட்டு மறுக்கா மாத்திரை போட்டா, அது பொய்ச் சாட்சி ஆயிராதுங்களா?" உன் தங்கைதான். அண்ணன் விழுந்த கிணற்றின் கரையில்தான் அவளும் வந்து நின்றாள். நான் கத்தினேன். வாரம் முழுக்க அவளிடமிருந்து பேச்சே வரவில்லை. அவள் மாத்திரை போடுகிறாளா என்று திருட்டுத்தனமாகப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது.

நேற்று அந்த முடிச்சை அப்படியே கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன். பனியன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணன் போடற முடிச்சுங்க இது" என்றாள். எங்கே கிடந்தது என்று சொன்னேன். நீண்ட நேரம் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் மாவைக் கரைக்க ஆரம்பித்தாள். மறுநாள் சாட்சியில் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை சாட்சி நேரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். மேடையிலிருந்து எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. எனக்குச் சுகர் இருக்குதுங்க, போகல. மாத்திரை போடறதுனால கட்டுக்குள்ள இருக்குதுங்க. இன்னைக்குக் காலைலயும் போட்டுட்டுத்தான் வந்தனுங்க. என்ற அண்ணன் இங்க நின்னு சுகமாயிருச்சுன்னு சொன்னாரு. சொன்ன பொறகு மாத்திரை போட வெக்கப்பட்டே செத்துப்போனாரு. நான் வெக்கப்படலீங்க. மாத்திரையக் குடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் கை உயரவில்லை. மைக்கின் பின்னால் உன் தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் குச்சியை எடுத்தேன். யாருடைய கையையும் பார்க்காமல் ரோல் அடித்தேன், நீளமாக, உனக்கு அடித்ததைவிடப் பலமாக. கடைசியில் சிம்பலை அறைந்தேன். பாஸ்டர் அடுத்த பாட்டைச் சொன்னார். கீபோர்டுக்காரர் இடது கையால் உன் பேஸை வாசித்தார். ஊடு ரெண்டாகிற மாதிரிதான் இருந்தது, எப்படியோ முடித்தோம்.

ஆராதனை முடிந்து செருப்பு விடும் இடத்தில் எஸ்தரைக் காணோம். தேடிப் போனால், சுவரோரம் பனியன் செக்கிங் வேலைக்குப் போகிற சிஸ்டர் ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நானும் பிரசர் மாத்திரைய அரிசி டப்பாவுல வெச்சிருக்கறனுங்க. நீங்க எந்த டாக்டருகிட்டப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர், செருப்பு தேடுவது போலக் காத்திருந்தார்கள்.

பார்த்தாயா மச்சான். நீ ஒருவன் மட்டும்தான் ஒளித்து வைத்திருந்தாய் என்று நினைத்தாய். ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும். சபை உன்னை அடித்தா துரத்தியிருக்கும்? கொஞ்ச நாள் முணுமுணுத்திருப்பார்கள். முணுமுணுப்புக்கு இடையே நீயும் நானும் வாசித்துக்கொண்டிருந்திருப்போம்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் சோறு போட்டாள். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணன மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"நானும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சாப்பிட ஆரம்பித்தாள்.