இறங்கச் சொல்லும் பலகை

அடெனாவ்,
1935 ஜூன் 18

அன்புத் தம்பி லாம்பெர்ட்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கோபமாக இருப்பதும் சுகத்தில் சேரும் என்றால், நானும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நானும் மகன் கெரேயோனும் பந்தயக் காலரியில் உட்கார்ந்திருந்தோம். நீ முதலாவதாக வந்தபோது எங்கள் தெருவே எழுந்து நின்று கத்தியது. அடுத்த சுற்றில் உங்கள் கார் ஆலையின் கொட்டகை முன்னால் காரை நிறுத்தினாய். டயர் மாற்றத்தான் என்று நினைத்தேன். டயரோடு ஆளையும் மாற்றினார்கள். நீ இறங்க வழிவிடுவதற்காக ஸ்டியரிங்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாய். பழுதான தன் காரை எங்கோ காட்டுக்குள் விட்டுவிட்டு வந்த உங்கள் முதல் ஓட்டுநர் டார்னிட்ஸ் பிரபு உன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நீ பிடித்துவைத்த முதலிடத்தில் அவர் போய் முடித்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டு, பாட்டுப் பாடி முடித்த பிறகு, "தொடக்கத்தில் இந்தக் காரை ஓட்டியவர்" என்று உன் பெயர் ஒரு தடவை வந்தது. அதற்குள் பாதிப் பேர் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நம் விடுதியில் குடிக்க வந்தவர்கள் என்னைச் சும்மா விட்டார்களா? கசாப்புக்கடை மத்தியாஸ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா வால்பர்கா, உன் தம்பிக்கு நடுவழியில வயித்தக் கலக்கிடுச்சா?" என்றான். "உனக்குத்தான் கலக்கப்போவுது, பீரை வச்சிட்டு எந்திரி" என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவனுக்கு உண்மையில் நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அதை எழுது.

உனக்காக இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் போட்டுச் சுட்டுவைத்திருந்தேன். நம் மாடியறையில் தங்கியிருக்கும் உங்கள் மெக்கானிக் யுப் தின்று தீர்த்தான்.

உன் அக்கா,
வால்பர்கா

*

பிரவுன்ஷ்வைக்,
1935 ஜூன் 24

அன்புள்ள அக்கா,

மத்தியாஸிடம் இதைச் சொல்: காரும் ஆலையுடையது, அதன் இருக்கையும் ஆலையுடையது. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. முதல் ஓட்டுநரின் கார் நின்றுபோனால், எங்களில் யாருடைய காரை வேண்டுமானாலும் அவர் கேட்கலாம். கொட்டகையிலிருந்து ஒரு பலகையைக் காட்டுவார்கள். நம் எண்ணும் கீழ்நோக்கி ஓர் அம்பும் அதில் இருக்கும். பார்த்தால் வந்து இறங்க வேண்டும்.

இறங்கினேன். பிரபு என்ன சொன்னார் தெரியுமா? "சீக்கிரம் க்ரிங்ஸ், எஞ்சின் ஆறிடப்போவுது." உட்கார்ந்த பிறகு, "என்னய்யா இது, சீட்டெல்லாம் ஈரம்?" என்று என்னிடமே கேட்டார். மழையில் ஓட்டியவன் இருக்கை வேறு எப்படி இருக்கும்? இரவு விருந்தில் என் தோளில் கைபோட்டு, "இந்தப் பையன்தான் எனக்குக் காரைச் சூடுபண்ணிக் குடுத்தான்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முப்பத்தைந்து வயது ஆகிறது அக்கா. தலையில் முடி குறைய ஆரம்பித்துவிட்டது. பையனாம்!

எனக்கு ரோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. மறுநாளே மேலாளர் ப்ரூக்மனைப் போய்ப் பார்த்தேன். "நீ மொதல்ல முதல் ஓட்டுநர் ஆகு. அப்புறம் வந்து விதியைப் பத்திப் பேசு" என்றார். ஆவேன். ஆகிற அன்று அந்தப் பலகையை உடைத்து உன் அடுப்புக்கு விறகாக அனுப்புகிறேன்.

உன் தம்பி,
லாம்பெர்ட்

*

அடெனாவ்,
1936 நவம்பர் 9

தம்பி,

பலகை இன்னும் விறகாக வரவில்லை. ஆனால் நான் எழுதுவது கெரேயோனைப் பற்றி.

மலையேற்றப் பந்தயத்தில் பழைய காரை வைத்துக்கொண்டு இரண்டாவதாக வந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் கால் தரையில் இல்லை. உன்னிடம் வர வேண்டும், ஆலையில் சேர வேண்டும் என்கிறான். "விடுதிய யாருடா பாத்துக்கிறது?" என்று கேட்டேன். "நீதாம்மா. நான் பீர் ஊத்துனா பாதி நுரையாத்தான் வருது" என்கிறான். அது உண்மைதான்.

உன் அத்தான் வெர்தன் போர்முனையில் இறந்தபோது இவன் தொட்டிலில் இருந்தான். இவனை வளர்த்தது நான் என்றால், ஆணாக்கியது நீ. சைக்கிள் விடச் சொல்லிக்கொடுத்தது நீ. அதனால் அனுப்புகிறேன். சாவைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அதற்கு நீயும் உறுதி கொடுக்க முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். அவன் ஓட்ட ஆரம்பித்ததை அவனே ஓட்டி முடிக்க வேண்டும். உன்னை எல்லோர் முன்னாலும் இறக்கிவிட்ட மாதிரி அவனை யாரும் இறக்கிவிடக் கூடாது. மாமன் நீ பக்கத்தில் இருக்கும்போது அது நடக்காது என்று நம்பி அனுப்புகிறேன்.

கம்பளிக் காலுறை நான்கு வைத்திருக்கிறேன். இரண்டு உனக்கு.

வால்பர்கா

*

பிரவுன்ஷ்வைக்,
1937 அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். டார்னிட்ஸ் பிரபுவின் கால் இத்தாலியில் முறிந்தது. இனி அவர் ஓட்டமாட்டார். முதல் ஓட்டுநர் இனி நான்தான். கட்சியின் மோட்டார் படையில் எனக்கு ஒரு பதவியும் கொடுத்திருக்கிறார்கள். சீருடை கழுத்தைப் பிடிக்கிறது. எங்கள் எல்லோருக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேடையேற வேண்டும் என்று உத்தரவு.

கெரேயோனை மூன்றாவது ஓட்டுநராக எடுத்துக்கொண்டார்கள். வளைவுகளில் பயமே இல்லை அவனுக்கு. சில வளைவுகளில் என்னைவிட வேகம். அதை அவனிடம் சொல்லிவிடாதே. யுப் அவனை மகன் மாதிரி பார்த்துக்கொள்கிறான்.

விதியைப் பற்றி ப்ரூக்மனிடம் பேசினேன். அவர் சிரித்தார். "உனக்கு வேணாம்னா நீ கேக்காத, அவ்வளவுதானே" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். நான் கேட்டால்தானே பலகையைக் காட்டுவார்கள்? ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருந்துவிட்டுப் போகட்டும். எழுதியதையெல்லாம் கிழிக்க ஆரம்பித்தால் முடிவே இல்லை.

காலுறைகள் நன்றாக இருக்கின்றன.

லாம்பெர்ட்

*

அடெனாவ்,
1938 ஜூலை 26

லாம்பெர்ட்,

சுக விசாரிப்புக்கெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நம் ஊர்ப் பந்தயம். நான் காலரியில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் கார் காட்டுக்குள் நின்றுவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பாவம் என்று நினைத்தேன். அப்போது கெரேயோன் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தான். மத்தியாஸ்கூடத் தொப்பியைக் கழற்றி வீசிக் கத்தினான். நீ ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தாய். மாமன் வந்துவிட்டான், பையனுக்கு இனி கைகொடுத்து உற்சாகப்படுத்துவான் என்று நான் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன். சொன்னேன், கேட்டுக்கொள்.

பிறகு பலகையைப் பார்த்தேன். என் மகனின் எண், கீழே அம்பு.

அவன் வந்து நிறுத்தினான். ஸ்டியரிங்கைக் கழற்றி உன்னிடம் நீட்டினான். நீ வாங்கிக்கொண்டாய். அவன் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. முடிவில் மாலை உனக்கு, பாட்டு உனக்கு, சீருடைக்காரர்கள் கைகுலுக்கியது உன்னோடு.

இரவு எல்லோரும் விடுதிக்கு வந்தார்கள், நீ தவிர. பாடுவதற்காக வந்த மெக்கானிக்குகள் தட்டைப் பார்த்தபடி தின்றார்கள். "ஏண்டா எறங்குன?" என்று கேட்டேன். "மாமா கேட்டாரும்மா, எறங்குனேன்" என்றான். யுப் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போனான்.

டார்னிட்ஸ் உனக்குச் செய்தது அநியாயம். ஆனால் அந்த ஆள் உனக்கு யாரோ. நீ இவனுக்கு யார்?

வால்பர்கா

*

பிரவுன்ஷ்வைக்,
1938 ஆகஸ்ட் 3

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலரியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சுலபம்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் டயர்கள் தேய்ந்திருந்தன. இன்னும் நான்கு சுற்று அவனே ஓட்டியிருந்தால் பள்ளத்தில் கிடந்திருப்பான். அப்போதும் என்னைத்தான் திட்டியிருப்பாய். பெரிய மனிதர்கள் எல்லாம் மேடையில் என் பெயரைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். டார்னிட்ஸ் மாதிரி நான் அவனை, காரைச் சூடுபண்ணிய பையன் என்று சொன்னேனா? விருந்தில் என் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னேன், அவன்தான் வரவில்லை. அப்படி இஷ்டமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! அவனுக்கு இருபத்திரண்டு வயது. நாற்பதை நெருங்கும் எனக்கு இன்னும் எத்தனை பந்தயம் இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா?

ப்ரூக்மனே தயங்கினார். "பையன் நல்லாத்தானே போறான், விட்டுருவோமே" என்றார். அவருக்கென்ன, தோற்றால் ஆலையில் பதில் சொல்ல வேண்டியது நான். பொறுப்பு என் தலையில் என்று சொல்லிப் பலகையை எடுத்தேன். அதற்குத்தான் முதல் ஓட்டுநர்.

உன் தம்பி,
லாம்பெர்ட்

*

அடெனாவ்,
1938 ஆகஸ்ட் 8

லாம்பெர்ட்,

ப்ரூக்மன் உத்தரவிட்டார், நீ என்ன செய்வாய் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானத்தையும் உன் கையாலேயே எழுதிக் கெடுத்துவிட்டாய். விட்டுவிடலாம் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். பலகையை எடுத்துக் காட்டியது நீ.

நான் கேட்பது பெரிதல்ல. மோட்டார் பத்திரிகைக்கு நான்கு வரி எழுது. முதலிடத்தைப் பிடித்துத் தந்தவன் கெரேயோன், அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று. உன் பெயர் போட்டு எழுது. அது அச்சில் வருகிற அன்று உன் அறையைக் கூட்டிப் பெருக்கிவைக்கிறேன்.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

வால்பர்கா

*

பெர்ன்,
1939 ஆகஸ்ட் 21

அக்கா,

எழுதாதே என்றாய், ஒரு வருடம் எழுதவில்லை. இப்போது உன் மகன் எழுதவைத்துவிட்டான்.

நேற்று பந்தயத்தில் என் கார் பாதியில் நின்றது. அவன் இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தான். முதல் ஆள் கண்ணுக்கெட்டும் தூரம்தான். நான் ஏறியிருந்தால் பிடித்திருப்பேன். பலகையைக் காட்டினோம். வரவில்லை. அடுத்த சுற்றிலும் காட்டினோம். வரவில்லை. தலைக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். யுப்பும் சிரித்தான், பார்த்தேன்!

அவன் பலகையைக் கவனிக்கவில்லை என்று நீ சொல்லக் கூடாது. கவனித்தான். கடந்து போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான். இரண்டாவதாகவே முடித்தான்.

ப்ரூக்மன் அங்கேயே அவனை நீக்கிவிட்டார். ஆனால் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினால், திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்ல என்னால் முடியும். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும்: ஆலையின் ஓட்டுநர் என்பதால்தான் ராணுவம் இதுவரை அவனைத் தொடவில்லை. ஆலை கையை விட்டால் அந்த வாரமே கூப்பிடுவார்கள். காலம் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இரண்டு வரி போதும். நீயே உட்காரவைத்து எழுதவை.

லாம்பெர்ட்

*

அடெனாவ்,
1939 ஆகஸ்ட் 28

லாம்பெர்ட்,

கெரேயோன் புதன்கிழமை வந்தான். உன் கடிதத்தை மேசையில் வைத்து, தாளும் மையும் பக்கத்தில் வைத்தேன். நீ சொன்ன மாதிரியே உட்காரவைத்தேன். வேறு எப்போதும் இல்லாத அளவுக்கு எனக்குப் பயம் இருந்தது. எழுதினால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

அவன் படித்தான். "எனக்கு ஓட்டத் தெரியும்மா. இது எழுதத் தெரியாது" என்றான்.

"சரி, மாமனைப் பாத்து எதுக்குடா கைய ஆட்டுன? கிண்டலா?"

"ஐயோ, இல்லம்மா. மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னாரு. உள்ள போங்கன்னு சொன்னேன்."

உன்னை நினைத்து அவன் வருத்தப்பட்டிருக்கிறான், லாம்பெர்ட். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறபோது. போன வருடம் நின்றுபோன காரை விட்டுவிட்டு நீ மோட்டார் சைக்கிளில் வந்தபோது உனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததா?

உன் அறையை யுப்புக்குக் கொடுத்துவிட்டேன். அவனும் வேலையை விட்டு வந்துவிட்டான்.

நீ எச்சரித்தது நடந்துவிட்டது. சனிக்கிழமை ஆள் வந்து காகிதம் கொடுத்துவிட்டுப் போனான். கெரேயோனுக்கு லாரி ஓட்டும் வேலையாம், கிழக்கே எங்கோ. நாளைக் காலை ரயில். அந்த லாரியின் இருக்கையிலிருந்து அவனை இறங்கச் சொல்லி எந்த மாமனும் பலகையோடு வந்து நிற்கமாட்டான்.

வால்பர்கா