மாடிக் கம்பியும் உன் கனெக்‌ஷனும்

காக்களூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள மகன் பென்னிக்கு அம்மா எழுதுவது. நீயும் கிறிஸ்டினாவும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் பூசைக்குப் போய்வந்த கையோடு பொய் சொன்னதாகிவிடும். என் சுகர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீயும் அவரும் மாறி மாறிக் கத்துகிறீர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுகிறீர்கள். எதிர்வீட்டு தானியேல் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் மாங்காய் ஊறுகாயோடு இதையும் வைக்கிறேன். இதை உன்னால் கட் பண்ண முடியாது.

வீடு கட்டும்போதே, பின்னால் மாடி எடுக்கலாம் என்று உன் அப்பா தூணின் தலையில் எல்லாம் கம்பியை நீட்டி விட்டார் அல்லவா, இத்தனை வருஷம் அதில் நான் கொடி கட்டித் துணி காயப்போட்டதுதான் மிச்சம். பேத்தி ஸ்நேகாவின் ஞானஸ்நானத்துக்குச் சாமியானா போட்டபோது துணி கிழியும் என்று அத்தனையையும் மடக்கிப் படுக்கப் போட்டார். இப்போது உன் தங்கை மோனிகா, அந்தப் புருஷனோடு இனி முடியாது என்று ஸ்நேகாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், அவளுக்கு மேலே ஒரு ரூமும் அடுப்படியும் வேண்டும் என்று படுத்த கம்பியை எழுப்பக் கிளம்பினார். நீ அன்றைக்கே போனில் எச்சரித்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்படிச் சொன்னாய்? கனெக்‌ஷன் ரொம்ப வீக்கா இருக்குப்பா என்றாய். உன் அப்பா அதைப் போன் கனெக்‌ஷன் என்று எடுத்துக்கொண்டு, "இங்க டவர் ஃபுல்லா கீது, உன் பக்கம் பாரு" என்று மொட்டை மாடிக்கு ஏறி நின்று கத்தினார். நீ கோபத்தில் வைத்துவிட்டாய். கீழே வந்து என்னிடம், புள்ள ஒண்ணும் வேணாங்கல, லைன்தான் சரியில்லையாம் என்றார். தூணும் கம்பியும் சேருகிற இடத்துக்கும் கனெக்‌ஷன் என்றுதான் பேர் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் கொத்தனார் வெங்கடேசன் வந்து ஒரு கம்பியில் பைப்பைச் செருகி நிமிர்த்தினார், அது மடங்கிய இடத்தில் பட்டென்று ஒடிந்து, மனிதர் சிமெண்ட் சட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா அசரவில்லை. ஒண்ணு பூட்டா இன்னா, மிச்சம் நிக்குதுல்ல என்று சொல்லி, மிச்சத்துக்கு சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். துரு போய்விட்டதாம்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய நீளமான வாய்ஸ் மெசேஜை உட்கார்ந்து கேட்டேன். மடக்கிய கம்பியைத் திரும்ப நிமிர்த்தினால் உள்ளுக்குள் கீறல் விடும், துருப்பிடித்தது இன்னும் மோசம், பழைய கான்கிரீட்டின் பலம் தெரியாமல் செங்கல் சுவரை ஏற்றக்கூடாது என்றெல்லாம் சொன்னாய். சரி, ஒடிந்ததைக் கண்ணால் பார்த்தேன், நீ சொன்னதுதான் நியாயம். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு பேச்சு வருகிற உனக்கு, என்ன செய்யலாம் என்று சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை? மோனிகா கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஷெட் செய்கிற கம்பெனியில்தானே வேலை செய்கிறாள், அங்கே இருக்கும் இன்ஜினியரைக் கேட்டாள். தூணில் புதிதாகத் துளை போட்டு, தூசியைச் சுத்தமாக ஊதி எடுத்து, பசை மாதிரி இறுகுகிற கெமிக்கல் விட்டு போல்ட் நடலாம், அதன் மேல் இரும்புத் தூண் நிறுத்தி லேசான பேனல் சுவர் வைக்கலாம், ஆனால் கீழே இருக்கிற தூணும் அஸ்திவாரமும் தாங்குமா என்று சோதித்துக் கணக்குப் போட்டுத்தான் தொட வேண்டும் என்றாராம். கெமிக்கல் என்றதும் உன் அப்பா, கோந்து போட்டு ஒட்ன ஊட்லயா என் பேத்தி தூங்கணும், இன்னாடி பேஜாரு என்று நாஷ்டாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்குப் பதில் சொல்ல உன்னால்தான் முடியும். இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும்போது இந்த வீட்டை மூலைக்கு மூலை அளந்து வரைந்தவன் நீ. அந்த வரைபடத்தை அனுப்பு என்று மோனிகா கேட்கும்போதெல்லாம் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்கிறாய். எதைப் பார்க்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் என்னிடம், மாடி இப்ப எதுக்கும்மா, அவ எப்படியும் திரும்பிப் போயிடுவா என்று சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மோனிகா அடுப்பருகே நின்றிருந்தாள். இரண்டு நாள் கழித்து, செவ்வாப்பேட்டையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன் என்றாள். எதற்குடி என்று கேட்டதற்கு, "அண்ணன் கம்பியப் பத்திப் பேசலம்மா, என்னியப் பத்திப் பேசுது" என்றாள். பென்னி, இல்லை என்று அடித்துச் சொல்ல ஆசைதான், ஆனால் எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

அதனால் நேராகவே கேட்கிறேன். கீழ்த் தூண் தாங்காது என்றால் கணக்கோடு எழுது, வேண்டாம் என்று முதலில் சொல்வது நானாகத்தான் இருப்பேன், பின்பக்கத்தில் தரையோடு ஒரு ரூம் போட்டுக்கொள்ளலாம். தங்கைக்கு இந்த வீட்டில் இடம் கொடுக்க உனக்கு மனமில்லை என்றால் அதையும் எழுது. அழுவேன், திட்டுவேன், ஆனாலும் நீ என் பிள்ளைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்காதே, பாவம் அந்தக் கம்பி மேல் பழியைப் போடாதே. உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவருக்கு என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு.

வெயிலில் சைட்டுக்குப் போகிறாய், தலையில் ஈரத்துணி போட்டுக்கொள். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடவேண்டாம் என்று கிறிஸ்டினாவிடம் சொல். மாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றாம் தேதி மோனிகா அந்த வாடகை வீட்டுச் சாவியை வாங்கப் போகிறாள். செவ்வாப்பேட்டை ரயிலில் பக்கம்தான், ஆனால் அண்ணன் வேண்டாம் என்றான் என்று நினைத்துக்கொண்டு போகிறவளுக்கு அது உன் கத்தாரை விடத் தூரம். நீ தூரத்தில் இருப்பது பிழைப்புக்காக என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அவள் போனால் என்ன சொல்லித் தேற்றிக்கொள்வேன்? இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, அப்பாவுக்கும் போடாதே. அவளுக்குப் போடு.

ஆசீர்வாதத்தோடு,
உன் அம்மா
விக்டோரியா அந்தோணி